பரீட்சை முடிந்த கையோடு



நம்ம டிபார்ட்மென்ட்டில் படித்த யாரும் தப்பிக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியிலோ பஸ்ஸிலோ பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், தம்பி என்ன படிக்கிறே என்று ஆரம்பிப்பார். பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி என்போம். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, டாக்டர் சீட் கிடைக்கலையா என்று அனுதாபத்தோடு கேட்பார். நமக்கும் அதற்குமேல் விளக்கம் சொல்லத் தோன்றாது. சாம்பார் ஊற்றச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவோம். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே, நாம் படித்தது இரண்டாந்தரப் படிப்போ என்ற சந்தேகம் நம்மில் பலருக்கு உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டது என்றால் மிகையாகாது.

அந்தச் சந்தேகத்துக்கு மருந்தாக ஒருவருடைய வாழ்க்கையை இந்த மலரில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நம்மைப்போலவே உடலியங்கியலும் உயிர்வேதியியலும் பட்டப்படிப்பாகப் படித்தவர். பரீட்சை முடிந்த கையோடு, 22 வயதில், எம்.டி. பட்டம் வாங்குவதற்கு நான்கு வருஷம் முன்பாகவே, உலகத்தின் பெரிய மருத்துவக் கண்டுபிடிப்பு ஒன்றில் கை வைத்தவர். அவர்தான் சார்லஸ் ஹெர்பர்ட் பெஸ்ட். கண்டுபிடிப்பு இன்சுலின்.

பிறப்பும் படிப்பும்

பெஸ்ட் 1899 பிப்ரவரி 27 அன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய வெஸ்ட் பெம்ப்ரோக் என்ற சின்ன ஊரில் பிறந்தார். பெற்றோர் கனடாவைச் சேர்ந்தவர்கள். அப்பா அந்த வட்டாரத்துக்கே டாக்டர். பையனும் டாக்டராக வரவேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் இயல்பான எண்ணம். அப்பாவுடன் பிறந்த அத்தை ஒருவர் நர்ஸாக இருந்தவர். அவர் சர்க்கரை நோயால் இறந்துபோனார். அப்போது அந்த நோய்க்கு மருந்தே கிடையாது.

டொரண்டோ பல்கலைக்கழகத்தில் பெஸ்ட் முதலில் சேர்ந்தது கலைப் பிரிவில். நடுவில் முதல் உலகப்போர் வந்தது. 1918-ல் பட்டாளத்தில் சேர்ந்து கடல் கடந்து இங்கிலாந்து வரை போனார். அவர் சண்டைக்களத்தைப் பார்ப்பதற்குள் போர் முடிந்துவிட்டது. திரும்பி வந்தவர் உடலியங்கியலும் உயிர்வேதியியலும் சேர்ந்த பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு அங்கே கொடுத்தது பி.ஏ. பட்டம்தான். டாக்டர் ஆவதற்கான எம்.டி. அதற்கு அப்புறம் தனியாகப் படிக்க வேண்டியது.

உடலியங்கியல் துறைக்குத் தலைவர் ஜே.ஜே.ஆர். மக்லவுட் என்ற ஸ்காட்லாந்துக்காரர். உடம்பு சர்க்கரையை எப்படிக் கையாளுகிறது என்பதில் உலகளவில் பெயர் வாங்கியவர். அவருக்குக் கடைசி வருஷ மாணவர்கள் இரண்டு பேர் லேபில் உதவியாக இருந்தார்கள். ஒருவர் பெஸ்ட், இன்னொருவர் அவருடைய நண்பர் கிளார்க் நோபிள். பட்டம் வாங்கியபின் இருவரும் அவரிடமே ஆய்வு மாணவர்களாகத் தொடர்வதாக ஏற்பாடு. சர்க்கரையை அளக்கும் முறைகள் இருவருக்கும் கைவந்திருந்தன. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் அச்சாணி அதுதான்.

அன்றைய சர்க்கரை நோய்

இன்று நம் ஊரில் சர்க்கரை இல்லாத வீடு எது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிப் பேருக்குமேல் இந்த நோய் இருக்கிறது. மாத்திரை இருக்கிறது, ஊசி இருக்கிறது, காலையில் நடக்கப் போகிறார்கள், சமாளிக்கிறார்கள். 1920-ல் அப்படி இல்லை. குழந்தைக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தால் பெற்றவர்கள் நாளை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். டாக்டர்களுக்குத் தெரிந்த ஒரே வழி பட்டினி. உணவை வெட்டி வெட்டிக் குறைத்து, எலும்பும் தோலுமாக ஆக்கி, சில மாதங்களோ சில வருஷங்களோ உயிரைப் பிடித்துவைப்பார்கள்.

நோயின் வேர் எங்கே என்பது ஓரளவு தெரிந்துதான் இருந்தது. 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட, அதற்குக் கடுமையான சர்க்கரை நோய் வந்தது. கணையத்துக்குள் திட்டுத் திட்டாக ஒருவகைச் செல்கூட்டங்கள் இருப்பதை அதற்கு 20 வருஷம் முன்னமே, 1869-ல், பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் தம் ஆய்வேட்டில் எழுதிவிட்டார். அவரும் அப்போது மாணவர்தான். அந்தத் திட்டுகளிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது என்று பலரும் ஊகித்தார்கள். அதைப் பிரித்தெடுக்கப் பல நாட்டிலும் முயன்றார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதையாகவே போய்க்கொண்டிருந்தது.

பான்டிங் வருகிறார்

ஃபிரெடெரிக் பான்டிங் என்ற இளம் அறுவை மருத்துவர் கனடாவின் லண்டன் என்ற ஊரில் கிளினிக் திறந்து, ஆள் வராமல் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார். கையில் இருந்த நேரத்தில் அங்கே கல்லூரியில் பாடமும் எடுத்தார். 1920 அக்டோபர் கடைசியில், மறுநாள் பாடத்துக்காகப் படித்தபோது கணையம் பற்றிய கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. ராத்திரி தூக்கம் வராமல் ஒரு யோசனை தோன்றியது. கணையத்தின் குழாயைக் கட்டிவிட்டால் செரிமானச் சாறு சுரக்கும் பகுதி வாடிப்போகும், திட்டுகள் மட்டும் மிஞ்சும், அதிலிருந்து சாறு எடுத்தால் என்ன?

இந்த யோசனையோடு டொரண்டோவுக்கு வந்து மக்லவுட்டைப் பார்த்தார். பான்டிங்குக்குக் கத்தி பிடிக்கத் தெரியும், வேதியியல் பக்கம் பயிற்சி போதாது. மக்லவுட்டுக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. இருந்தாலும் கோடை விடுமுறையில் சும்மா கிடக்கும் லேபையும் 10 நாய்களையும் கொடுத்தார். கூடவே, ரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை அளக்கத் தெரிந்த ஒரு மாணவரை உதவிக்குத் தருவதாகச் சொன்னார்.

பூவா தலையா

இருந்தது இரண்டு மாணவர்கள். கோடையைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேசி, முதலில் யார் போவது என்று பூவா தலையா போட்டார்களாம். பெஸ்ட் ஜெயித்தார். 1921 மே 17 அன்று வேலை ஆரம்பமானது. நோபிளின் முறை வந்தபோது, பெஸ்ட்டுக்கு வேலை பழகிவிட்டதே, அவரே தொடரட்டும் என்று முடிவாயிற்று. நோபிள் விலகிக்கொண்டார். பின்னால் முயல்களை வைத்து இன்சுலினைச் சோதித்த வேலையில் நோபிளுக்கும் நல்ல பங்கு உண்டு, ஆனால் பள்ளிப்புத்தகத்தில் அவர் பெயர் வருவதில்லை. பெயர் என்னவோ நோபிள், ஒரு காசு புரண்டதில் நோபல் பரிசுக் கதையிலிருந்தே நழுவிப் போனார் மனுஷன்.

சரி, பெஸ்ட்டின் வெற்றி வெறும் அதிர்ஷ்டமா? வாசல்வரை கொண்டுவந்து விட்டது அதிர்ஷ்டம், ஒப்புக்கொள்வோம். உள்ளே நடந்ததைப் பாருங்கள்.

அந்தக் கோடை

நாயின் ரத்தத்தைச் சிறிதளவு எடுக்க வேண்டும். அதிலுள்ள புரதத்தை நீக்க வேண்டும். பிக்ரிக் அமிலம் சேர்த்துக் காரத்தோடு சூடாக்கினால் நிறம் கறுக்கும். சர்க்கரை எவ்வளவோ அவ்வளவு கறுப்பு. தெரிந்த அளவுள்ள கரைசலின் நிறத்தோடு அதை நிறமானியில் கண்ணால் ஒப்பிட்டுக் கணக்குப் போட வேண்டும். மெஷின் நம்பர் காட்டும் காலமில்லை அது. போதாததற்குச் சிறுநீரில் சர்க்கரையும் நைட்ரஜனும் அளந்து, இரண்டுக்கும் உள்ள விகிதம் பார்க்க வேண்டும். நாய்க்கு உண்மையிலேயே முழுச் சர்க்கரை நோய் வந்திருக்கிறதா என்று அந்த விகிதம்தான் சொல்லும். நாம் ரெக்கார்டு நோட்டில் ஒப்புக்கு எழுதி, முன்னால் இருப்பவனின் ரீடிங்கைப் பார்த்துச் சரிக்கட்டிய அதே வகை வேலைதான்.

ஒரே ஒரு வித்தியாசம், இங்கே சரியான விடை எவருக்கும் தெரியாது. பான்டிங்கின் சாறு வேலை செய்கிறதா இல்லையா என்பதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி பெஸ்ட்டின் எண். எண் தப்பென்றால் எல்லாம் தப்பு.

இந்த இடத்தில் ஒரு சம்பவம் நடந்தது. ஜூன் மாதம் மக்லவுட் ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டார். பெஸ்ட்டும் ராணுவப் பயிற்சி முகாமுக்காகச் சில நாள் போனார். அந்த இடைவெளியில் பான்டிங் தானே பரிசோதனைகளைச் செய்ய உட்கார்ந்தார். கண்ணாடிச் சாமான்கள் அழுக்கு, கரைசல்களின் அளவும் சரியில்லை என்று கண்டார். பெஸ்ட் திரும்பி வந்ததும் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டார். இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து செய் என்றார். கைகலப்பு வந்துவிடுமோ என்கிற அளவுக்குப் போனதாகப் பான்டிங் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பெஸ்ட்டுக்கும் ரோஷம்தான். ஆனால் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. ராத்திரி முழுக்க இருந்து குடுவைகளைக் கழுவி, கரைசல்களைப் புதிதாகக் கலந்து வைத்தார். காலையில் லேப் பளிச்சென்று இருந்தது. அதற்குப்பின் அவர்களுக்குள் அந்தப் பேச்சே எழவில்லை.

நண்பர்களே, இன்சுலின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ராத்திரி இதுதான். நம் படிப்பு மூன்று வருஷம் சொல்லித்தந்ததும் இதைத்தானே? பிப்பெட்டைக் கழுவு, பிளாங்க் போடு, இரண்டு தரம் அளந்து பார் என்று நம்ம லேப் அட்டெண்டர் அண்ணன் தொண்டை வறளக் கத்துவாரே, அவர் கத்தியதன் அர்த்தம் இப்படி ஒரு ராத்திரியில்தான் புரியும்.

கோடை சுகமாகப் போகவில்லை. வெயில் கொளுத்தியது. ஆபரேஷன் செய்த நாய்கள் செத்தன. குழாயைக் கட்டிய கட்டுகள் பலவற்றில் சரியாகப் பிடிக்காமல் திரும்பச் செய்ய நேர்ந்தது. ஜூலை 30 அன்று 410 என்ற எண் கொண்ட நாய்க்குச் சாற்றை ஊசி போட்டார்கள். ரத்தச் சர்க்கரை ஒரு மணி நேரத்தில் 0.20 சதவீதத்திலிருந்து 0.12-க்கு இறங்கியது. நாம் இப்போது பேசும் கணக்கில் 200-லிருந்து 120. அந்த நாய் பிழைக்கவில்லை. ஆனால் எண் நின்றது. ஆகஸ்டில் இன்னும் பல நாய்களில் அதே மாதிரி இறங்கியது.

இங்கே ஒரு வேடிக்கை. குழாயைக் கட்டி வாரக்கணக்கில் காத்திருக்கும் பான்டிங்கின் மூல யோசனை கடைசியில் தேவையே இல்லாமல் போயிற்று. முதலில் கன்றுக்கருவின் கணையம், பிறகு கசாப்புக் கடையில் கிடைக்கும் சாதாரண மாட்டுக் கணையத்தையே ஆல்கஹாலில் சாறு எடுத்தால் போதும் என்று 1921 முடிவதற்குள் கண்டுகொண்டார்கள். யோசனை தவறினாலும் அளவு தவறாததால் வழி தெரிந்தது.

குளிர்காலத்தில் ஒரு பையன்

மக்லவுட் திரும்பி வந்து, இன்னும் கண்டிப்பான சோதனைகளைச் செய்யச் சொன்னார். டிசம்பரில் ஜேம்ஸ் கோலிப் என்ற தேர்ந்த உயிர்வேதியியல் அறிஞர் சாற்றைச் சுத்தப்படுத்தச் சேர்ந்துகொண்டார்.

டொரண்டோ பொது மருத்துவமனையில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன் கிடந்தான். எடை முப்பது கிலோகூட இல்லை. 1922 ஜனவரி 11 அன்று பான்டிங்கும் பெஸ்ட்டும் தயாரித்த சாற்றை அவனுக்குப் போட்டார்கள். சர்க்கரை கொஞ்சம் இறங்கியது, ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்ததுதான் மிச்சம். நிறுத்திவிட்டார்கள். ஜனவரி 23-லிருந்து கோலிப் சுத்தப்படுத்திய சாற்றைக் கொடுத்தார்கள். ஒரே நாளில் ரத்தச் சர்க்கரை 520-லிருந்து 120-க்கு வந்தது. பையன் எழுந்து உட்கார்ந்தான். அதன்பின் 13 வருஷம் உயிரோடு இருந்தான்.

பிப்ரவரியில் பான்டிங், பெஸ்ட் இருவர் பெயரில் முதல் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. உடனே புதுச் சோதனை வந்தது. சோதனைக்குழாயில் வந்த மருந்து அண்டாவில் வரவில்லை. பெரிய அளவில் தயாரிக்கப் போனபோது கோலிப்புக்கே கைமணம் தவறிப்போனது. வார்டில் நோயாளிகள், மருந்து இல்லை. கன்னாட் ஆய்வகத்தில் இரவு பகலாக உட்கார்ந்து தயாரிப்பை மறுபடி நிலைநிறுத்திய குழுவில் பெஸ்ட் முன்னால் நின்றார். அங்கே இன்சுலின் தயாரிப்புக்குப் பொறுப்பாளராகவும் ஆனார். 23 வயசுப் பையனை நம்பி எத்தனை குழந்தைகள் என்று நினைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. காப்புரிமையை பான்டிங், கோலிப், பெஸ்ட் மூவரும் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

பரிசும் பங்கும்

1923 அக்டோபரில் நோபல் பரிசு அறிவிப்பு வந்தது. பான்டிங்குக்கும் மக்லவுட்டுக்கும் மட்டும். பெஸ்ட்டின் பெயரை அந்த வருஷம் பரிந்துரைத்தவர் எவருமில்லை. பரிந்துரை இல்லாமல் பரிசு கிடையாது, விதி அப்படி. பான்டிங் கொதித்துப்போனார். பாஸ்டனில் இருந்த பெஸ்ட்டுக்குத் தந்தி பறந்தது: தம் பங்குப் பணத்தில் பாதி அவருக்கு. மக்லவுட்டும் தம் பங்கில் பாதியைக் கோலிப்புக்குக் கொடுத்தார்.

பணம் வந்தது, பட்டியலில் பெயர் வரவில்லை. நம் ஊரில் வேறு யாராவது என்றால் வழக்கு, மேடை, கண்டன அறிக்கை என்று கிளம்பியிருப்பார்கள். பெஸ்ட் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். இன்சுலின் தயாரிப்பைப் பார்த்துக்கொண்டே மருத்துவம் படித்து 1925-ல் எம்.டி. வாங்கினார். நடுவில் 1924-ல் மார்கரெட் மாஹனுடன் கல்யாணமும் ஆயிற்று. பிறகு இங்கிலாந்து போய், ஹென்றி டேல் என்ற பேரறிஞரிடம் ஆய்வு செய்து, 1928-ல் லண்டன் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. பெற்றார். 1929-ல் மக்லவுட் உட்கார்ந்த அதே நாற்காலிக்கு, டொரண்டோ உடலியங்கியல் துறைத் தலைவராக வந்தார். அப்போது வயது 30.

இன்சுலினுக்குப் பிறகு

ஒரே ஒரு சிக்ஸர் அடித்துவிட்டுக் காலம் முழுக்க அதையே பேசிக்கொண்டு இருந்தவர் இல்லை பெஸ்ட். கணையம் நீக்கிய நாய்களுக்கு இன்சுலின் கொடுத்தும் ஈரலில் கொழுப்பு சேர்ந்து இறந்தன. ஏன் என்று துருவி, கோலைன் என்ற பொருள் உணவில் இருந்தால் ஈரலில் கொழுப்பு சேராது என்று 1930-களின் தொடக்கத்தில் தம் குழுவோடு கண்டார். இன்று சத்துணவுப் பாடத்தில் கோலைன் இருப்பதற்கு அந்த வேலை ஒரு காரணம்.

அடுத்தது ஹெப்பாரின். ரத்தம் உறையாமல் தடுக்கும் இந்தப் பொருளின் முதல் தடயத்தை 1916-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பிடித்தவர் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர். பாருங்கள், மறுபடியும் ஒரு மாணவர்! ஆனால் மனித உடம்பில் செலுத்தும் அளவுக்கு அது சுத்தமாக இல்லை. பெஸ்ட் 1929-ல் இந்த வேலையைத் தொடங்கி வைக்க, சார்லஸ், ஸ்காட் என்ற இரு வேதியியலார் கன்னாட்டில் அதைச் சுத்தப்படுத்த, 1930-களில் கார்டன் மரே என்ற அறுவை மருத்துவர் நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார். இன்று டயாலிசிஸுக்குப் போகும் நம் சொந்தக்காரர்களும், இதய ஆபரேஷனுக்குப் படுக்கும் நண்பர்களும் ஹெப்பாரின் உதவியோடுதான் எழுந்து வருகிறார்கள். இரண்டாம் உலகப்போரின்போது ரத்தச் சீரத்தை உலர்த்திப் பொடியாக்கிப் போர்முனைக்கு அனுப்பும் பணியையும் பெஸ்ட் முன்னின்று தொடங்கினார். 1941-ல் பான்டிங் விமான விபத்தில் இறந்தபின், இருவர் பெயரும் தாங்கிய ஆய்வுத்துறைக்கும் அவரே தலைவர் ஆனார்.

நம்மில் பலருக்கு அவரை வேறு வழியாகத் தெரிந்திருக்கும். நார்மன் டெய்லரோடு சேர்ந்து 1937-ல் அவர் எழுதிய பாடநூல் உலகெங்கும் பதிப்பு மேல் பதிப்பாக வந்தது. நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் பெஸ்ட் அண்ட் டெய்லர் என்றால் தனி மரியாதை. செங்கல் மாதிரி கனக்கும். ஹாஸ்டலில் தலைகாணியாகவும் உதவும். அந்தப் பெஸ்ட்தான் இந்தப் பெஸ்ட் என்று தெரியாமலே பாஸ் செய்தவர்கள் ஏராளம்.

நிழலும் உண்டு

வாழ்க்கை வரலாறு என்றால் மாலை மட்டும் போட்டு முடித்துவிடக் கூடாது. ருமேனியாவில் நிக்கோலாய் பவுலெஸ்கு என்ற அறிஞர் 1921-லேயே கணையச் சாறு சர்க்கரையைக் குறைப்பதாகக் கட்டுரை எழுதியிருந்தார். பிரெஞ்சு மொழியில் இருந்த அதைப் பான்டிங்கும் பெஸ்ட்டும் தப்பாகப் புரிந்துகொண்டு, பலன் கிடைக்கவில்லை என்பது போலத் தங்கள் முதல் கட்டுரையில் குறிப்பிட்டுவிட்டார்கள். கிட்டத்தட்ட 50 வருஷம் கழித்து, 1969-ல், ஒரு கடிதத்தில் பெஸ்ட் அதற்காக வருத்தம் தெரிவித்தார். அதற்குள் பவுலெஸ்கு இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மூலக்கட்டுரையைச் சரியாகப் படிக்காமல் மேற்கோள் காட்டக்கூடாது என்று நமக்குச் சொல்வார்களே, அதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டியதில்லை.

இன்னொன்று. பட்டியலில் விட்டுப்போன வலி அவரை விடவில்லை. பிற்காலத்தில் இன்சுலின் கதையைச் சொல்லும்போது கோலிப், மக்லவுட் இருவரின் பங்கைச் சுருக்கி, தம் பங்கைக் கொஞ்சம் நீட்டியே சொல்லிவந்தார் என்று மைக்கேல் பிளிஸ் என்ற வரலாற்றாசிரியர் பழைய லேப் நோட்டுகளைப் புரட்டி எழுதியிருக்கிறார். ஐம்பது வயதுக்குமேல் மனச்சோர்வும் அவரைப் பிடித்து ஆட்டியது. ராயல் சொசைட்டி உறுப்பினர், ஆர்டர் ஆஃப் கனடா என்று எத்தனையோ கௌரவங்கள் வந்தும் அந்த ஒரு வலி ஆறவில்லை போலும். 1978 மார்ச்சில் மூத்த மகன் இறந்தார். அடுத்த சில நாளில், மார்ச் 31 அன்று, 79 வயதில் பெஸ்ட்டும் மறைந்தார்.

இதைச் சொல்வது அவரைக் குறைக்க அல்ல. நாலு பேர் சேர்ந்து இழுத்த தேர் அது. பான்டிங் இல்லாவிட்டால் வேலை தொடங்கியிருக்காது, மக்லவுட் இல்லாவிட்டால் நெறிப்பட்டிருக்காது, கோலிப் இல்லாவிட்டால் மனிதனுக்குப் போட முடிந்திருக்காது. பெஸ்ட் இல்லாவிட்டால், வேலை செய்கிறது என்று நம்புவதற்கு அந்தக் கோடையில் ஒரு எண்கூட இருந்திருக்காது. இந்த அளவு பெருமையே ஒரு பட்டதாரி மாணவனுக்குத் தாராளம். அதற்குமேல் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

நமக்கு என்ன?

பந்தியில் கேட்ட பெரியவருக்கு இப்போது பதில் இருக்கிறது. ஐயா, டாக்டர் ஊசி போடுகிறார், உண்மை. அந்த ஊசிக்குள் இருப்பது மருந்துதானா என்று அளந்து சொல்ல ஒருத்தர் வேண்டும். அது எங்க படிப்பு.

முன்னாள் மாணவர்களுக்கு இன்னொரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். பெஸ்ட் அந்தக் கோடையைத் தொடங்கியபோது சம்பளம் எதுவும் கிடையாது. மக்லவுட் திரும்பி வந்த பிறகுதான் ஏதோ ஒரு தொகை கைக்கு வந்தது. டாக்டர் வீட்டுப் பிள்ளையாக இருந்ததால் தாங்கிக்கொள்ள முடிந்தது. நம் கல்லூரியில் இன்று படிக்கும் பிள்ளைகளில் பலர் வீட்டில் முதல் பட்டதாரி. கோடை விடுமுறை விட்டால் ஜவுளிக்கடையில் நின்றோ மொபைல் கடையில் உட்கார்ந்தோ அடுத்த வருஷ ஃபீஸுக்குச் சேர்த்தாக வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆய்வகத்தில் இரண்டு மாதம் இடம் கிடைத்தாலும், பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் இல்லாமல் போக முடியாது. அங்கே பூவும் விழாது, தலையும் விழாது. காசே சுண்டப்படுவதில்லை.

ஆண்டுதோறும் கூடுகிறோம், மலர் போடுகிறோம், நல்ல சாப்பாடு சாப்பிடுகிறோம். சந்தோஷம்தான். அதோடு வருஷத்துக்கு இரண்டு மாணவர்களுக்காவது கோடைக்கால ஆய்வு உதவித்தொகை என்று நம் சங்கம் ஒன்று ஏற்படுத்தினால் என்ன? பெரிய தொகை வேண்டாம். கடையில் நின்றால் கிடைக்கும் கூலியை ஈடுகட்டும் அளவு போதும். அதில் எத்தனை பேர் பெஸ்ட் ஆவார்கள் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து குடுவை கழுவக் கற்றுக்கொண்டு திரும்பினாலே போட்ட பணம் வந்துவிட்டது.

பொதுக்குழுவில் இதை யாராவது முன்மொழிந்தால் வழிமொழிய அடியேன் தயார்.